ஊர் மாறினால் சந்தோஷம் மாறுமா? திண்டுக்கல்லில் இருந்து ஒரு கணக்கு

"பேசாம ஊருக்கே வந்துடலாம்னு இருக்கு." திண்டுக்கல்லில் படித்துவிட்டு சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. ஊரிலேயே தங்கிவிட்ட நண்பரோ, "இங்க என்னடா இருக்கு? நீயாவது தப்பிச்சே" என்பார். இருவரும் நம்புவது ஒன்றைத்தான்: சந்தோஷம் இன்னொரு ஊரில் இருக்கிறது.

இது உண்மையா? வசிக்கும் இடம் நம் மகிழ்ச்சியை மாற்றுமா? மாற்றும். ஆனால், ஊர் மாறுவதைப் பற்றி யோசிக்கும்போது முதலில் மனசுக்குள் ஓடும் படங்கள் பெரும்பாலும் தப்பான படங்கள். வேலையை விடுவது, வீட்டுக் கடன் வாங்குவது, பிள்ளையைப் பள்ளி மாற்றுவது எல்லாம் இந்தக் கேள்வியை நம்பித்தான் நடக்கின்றன. எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

கொடைக்கானல்காரர்கள் கூடுதல் சந்தோஷமா?

ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு பருவநிலை வைத்திருக்கும் ஊர் நம்முடையது. திண்டுக்கல் நகரம் கடல்மட்டத்தில் இருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,000 மீட்டருக்கும் மேலே. ஏப்ரல் வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் எவருக்கும், "மேல இருக்கிறவங்க குடுத்து வெச்சவங்க" என்றுதான் தோன்றும். 1845-ல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியதும் இந்த எண்ணத்தில்தான். சமவெளியின் வெப்பமும் நோயும் அவர்களை மேலே விரட்டின.

இன்றும் கூட்டம் குறையவில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்ல இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் இரண்டு நாள் போய் வருபவர் பார்க்கும் கொடைக்கானல் வேறு, வருடம் முழுக்க அங்கே இருப்பவர் பார்க்கும் கொடைக்கானல் வேறு. முன்னவருக்கு அது ஏரியும் பனியும். பின்னவருக்கு சீசன் நெரிசல், மழையில் பயமுறுத்தும் மலைப்பாதை, பெரிய சிகிச்சை என்றால் கீழே இறங்க வேண்டிய கட்டாயம்.

இதே கேள்வியை அமெரிக்காவில் ஆய்வாகவே செய்தார்கள். உளவியலாளர்கள் டேவிட் ஷ்கேடும் டேனியல் கானெமனும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு அது. வெயிலும் கடற்கரையும் உள்ள கலிஃபோர்னியாவிலும், குளிர் வாட்டும் மிச்சிகன், ஒஹாயோ பகுதியிலும் படித்த சுமார் 2,000 மாணவர்களிடம் விசாரித்தார்கள். கலிஃபோர்னியாக்காரர்கள்தான் அதிக திருப்தியோடு இருப்பார்கள் என்று இரண்டு தரப்புமே சொன்னது. அவரவர் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டபோது, இரண்டு இடத்திலும் திருப்தி ஏறக்குறைய ஒரே அளவு!

காரணம் எளிமையானது. இன்னோர் ஊரைக் கற்பனை செய்யும்போது, இந்த ஊரில் இல்லாத ஒன்று மட்டும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். அங்கே போய் வாழ ஆரம்பித்ததும் கவனம் வாடகை, வேலை, பிள்ளையின் காய்ச்சல் என்று திரும்பிவிடும். குளிர் காற்று பின்னணி ஆகிவிடும்.

அப்படியென்றால் எல்லாம் மனசுதானா?

இல்லை. "எங்க இருந்தாலும் மனசு நல்லா இருந்தா போதும்" என்பது கேட்க நன்றாக இருக்கும், பாதிதான் உண்மை. சில விஷயங்கள் பின்னணிக்குப் போவதே இல்லை, தினமும் முன்னால் வந்து நிற்கும். அதில் முதலாவது தண்ணீர்.

மொராக்கோ நாட்டின் டான்ஜியர் நகரில் எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை செய்து 2012-ல் வெளியிட்டார்கள். பொதுக்குழாயில் இலவசமாகத் தண்ணீர் பிடித்துவந்த வீடுகளுக்கு, கடன் வசதியோடு வீட்டுக்குள்ளேயே குழாய் இணைப்பு கிடைக்க உதவினார்கள். நோய் குறைந்ததா? குறிப்பிடும்படி இல்லை. வருமானம் கூடியதா? இல்லை. தண்ணீர் பில் கட்ட வேண்டியிருந்ததால் செலவுதான் கூடியது. ஆனாலும் அந்தக் குடும்பங்களின் மகிழ்ச்சி கூடியது. தண்ணீருக்கு அலைந்த நேரம் மிச்சமானது, அக்கம்பக்கத்துச் சண்டை குறைந்தது.

திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆத்தூர் காமராஜர் அணை, வைகையின் பேரணை, காவிரிக் கூட்டுக்குடிநீர் என்று மூன்று திசையில் இருந்து தண்ணீர் கொண்டுவந்தும், கோடை வந்தால் "இன்னிக்கு தண்ணி வருமா?" என்பதே தெருவின் பேச்சு. தோல் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட பகுதிகளில் போர் போட்டும் குடிக்க முடியாது. தண்ணீர் வரும் நாளுக்காக லீவு போடுவதும், நள்ளிரவில் எழுந்து மோட்டார் போடுவதும், லாரிக்கும் கேனுக்கும் பணம் எடுத்து வைப்பதும் எந்தச் சம்பளக் கணக்கிலும் வராத செலவு. அதில் பெரும்பங்கைச் சுமப்பவர்கள் வீட்டுப் பெண்கள்.

இரண்டாவது, பயணம். ப்ரூனோ ஃப்ரை, அலாய்ஸ் ஸ்டட்சர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனி மக்களின் பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2008-ல் ஒன்றைச் சொன்னார்கள். வேலைக்குப் போய்வரும் நேரம் கூடக் கூட, வாழ்க்கைத் திருப்தி குறைகிறது. கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ அந்த இழப்பை முழுதாக ஈடுகட்டுவதில்லை. ஓ.எம்.ஆர். நெரிசலில் உட்கார்ந்து இதைப் படிப்பவருக்கு ஊர் ஆசை வருவது நியாயமே. ஆனால், திண்டுக்கல்லில் வீடு, மதுரையில் வேலை என்று தினமும் 60 கிலோமீட்டருக்கு மேல் போய்வருபவருக்கும் இதே கணக்குதான். ஊரோடு இருக்கிறார் என்று பெயர். ஊரைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

சொந்தபந்தம்: வரமா, காவலா?

ஊருக்குத் திரும்ப நினைப்பவர்கள் சொல்லும் பெரிய காரணம் மனிதர்கள். ஆத்திர அவசரத்துக்கு ஓடிவர ஆள் இருக்கிறது என்பது சாதாரண விஷயம் இல்லை. ஒரு நாட்டின் மகிழ்ச்சியை விளக்க உலக மகிழ்ச்சி அறிக்கை பயன்படுத்தும் ஆறு காரணிகளில் ஒன்றே, "கஷ்டத்தில் உதவ யாராவது இருக்கிறார்களா?" என்பதுதான். 2018 முதல் 2025 வரை ஃபின்லாந்து முதலிடத்தில் இருந்த அந்தப் பட்டியலில், 2025-ல் 147 நாடுகளுக்குள் இந்தியா 118-வது இடத்தில் இருந்தது.

ஆனால், அந்த நெருக்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. ஒருவருக்கு "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கும் அதே தெரு, இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வரும் பெண்ணை "எங்க போயிட்டு வர்றே?" என்று கேட்கும். வாடகைக்கு வீடு தேடிப் போனால் "நீங்க என்ன ஆளுங்க?" என்பது முதல் கேள்வியாக இருக்கும். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தைப் போற்றியவர்களை மறுத்து அதன் குறுகிய தன்மையைக் கடுமையாகச் சாடியதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருந்தது. முகம் தெரியாத நகரத்தில்தான் முதன்முதலாக நிம்மதியாக மூச்சு விட்டேன் என்று சொல்பவர்களிடம் "ஊரு மாதிரி வருமா?" என்று கேட்பதில் அர்த்தம் இல்லை.

நகரமா, ஊரா?

2020-ம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை இதைத் தனியாக ஆராய்ந்தது. உலக அளவில் சராசரியாக நகரவாசிகளே கிராமவாசிகளைவிட அதிக திருப்தியோடு இருக்கிறார்கள். ஆனால், வசதியான பல நாடுகளில் இந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. சில இடங்களில் தலைகீழாகவும் ஆகிறது.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஏழை நாடுகளில் வேலையும் மருத்துவமனையும் நல்ல கல்லூரியும் பெருநகரத்தில் குவிந்து கிடக்கின்றன. அவை சின்ன ஊர்களுக்கும் பரவிய பிறகு, பெருநகரத்தில் மிஞ்சுவது நெரிசலும் வாடகையும். அதாவது, ஊருக்கு ஊர் மகிழ்ச்சி வேறுபடுவது தலையெழுத்து இல்லை. எங்கே எதைக் கட்டினோம் என்பதன் விளைவு.

சரி, என்ன செய்யலாம்?

ஊர் மாற யோசிப்பவர்கள், அங்கே கழிக்கப்போகும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எழுதிப் பாருங்கள். பொங்கல் விடுமுறை நாளை எழுத வேண்டாம். சிறுமலைக்குப் போன நாளையும் வேண்டாம். காலையில் தண்ணீர் எப்படி வரும்? வேலைக்குப் போய்வர எத்தனை நிமிஷம்? சாயங்காலம் யாரோடு பேசுவீர்கள்? வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு, குறிப்பாக மனைவிக்கோ மகளுக்கோ, அந்தச் செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும்? இந்த நான்கு பதில்களும் இப்போதைய ஊரைவிட நன்றாக இருந்தால் தாராளமாகக் கிளம்பலாம். பதிலில் "காற்று நல்லா இருக்கும்" மட்டும்தான் இருக்கிறது என்றால், ஒரு வாரம் லீவு போட்டுப் போய்வந்தால் போதும்.

இந்த நான்கில் இரண்டு, நம் கையைவிட அரசின் கையில் அதிகம் இருக்கின்றன. 1866-ல் நகராட்சியாகி, 2014-ல் மாநகராட்சியாக உயர்ந்த ஊர் திண்டுக்கல். 2011 கணக்கெடுப்பிலேயே நகரத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். "மாநகராட்சி" என்ற பெயர்ப்பலகை ஒருவரையும் சந்தோஷப்படுத்தாது. சொன்ன நேரத்தில் வரும் தண்ணீரும், ராத்திரியிலும் நம்பி ஏறக்கூடிய டவுன் பஸ்ஸும், வெளிச்சமான தெருவும், படித்த பிள்ளைகளுக்கு 60 கிலோமீட்டர் தாண்டாமல் கிடைக்கும் வேலையும் சந்தோஷப்படுத்தும். வார்டு கவுன்சிலர் அடுத்த முறை வீட்டு வாசலுக்கு வரும்போது கேட்க வேண்டியது இவற்றைத்தான். ஊரை விட்டுப் போக முடிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இருக்கும் ஊரில் வாழ்ந்தாக வேண்டியவர்களே அதிகம்.