காரை விற்றால் வீட்டுச் சாவியும் சேர்ந்து போகலாம்

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி வீடு உள்ளவர்களுக்கு மோட்டார் கேட்டின் அருமை தெரியும். கேட்டைத் திறக்கக் கீழே இறங்கினால் காரின் பின்பாதி ரோட்டில் நிற்கும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் ட்ரெய்லர் பின்னால் ஹாரனை அலற விடும். எனவே ரிமோட் வந்ததை நான் குறை சொல்லப் போவதில்லை. அதை யாரும் சாவியாக மதிப்பதில்லையே என்பதுதான் என் வருத்தம்.

அமெரிக்காவில் மகள் வீட்டில் சில மாதம் இருந்தபோது இதைப் பற்றி நிறைய யோசித்தேன். அங்கே பல கார்களில் தனி ரிமோட்டே தேவையில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியின் அடியிலோ, வெயில் மறைப்புத் தட்டிலோ மூன்று பொத்தான்கள் இருக்கும். ஹோம்லிங்க் என்று பெயர். பழைய ரிமோட்டை அருகில் பிடித்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கார் அந்தச் சைகையைக் கற்றுக்கொள்கிறது. புதிய மோட்டார்களுக்கு இது மட்டும் போதாது. ஏணி போட்டு ஏறி, கராஜ் கூரையில் உள்ள மோட்டாரின் 'லேர்ன்' பொத்தானைத் தட்டிவிட்டு, சுமார் 30 விநாடிக்குள் காருக்கு ஓடி வந்து அழுத்த வேண்டும். மாப்பிள்ளை ஏணியில், மகள் காரில். நான் ஏணியைப் பிடித்துக்கொள்ளும் உத்தியோகம்!

இத்தனை பாடு எதற்கு? புதிய மோட்டார்களில் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் குறியீடு மாறிக்கொண்டே இருக்கும். ஒருமுறை ஒட்டுக்கேட்டவன் அதையே திருப்பி அனுப்பினால் கதவு திறக்காது. நல்ல ஏற்பாடு.

ஆனால் அந்தக் காரை விற்றால்? பொத்தான் வாங்கினவரிடம் போய்விடும். காரின் பதிவுப் புத்தகத்தில் பழைய முகவரியும் இருக்கும். பல மாடல்களில் ஓரத்துப் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து, விளக்கு மினுக்கும் வரை சுமார் 10 முதல் 20 விநாடி அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்துவிடும். அவ்வளவுதான் வேலை. கார் ஏற்கெனவே கைமாறிவிட்டதா? பல மோட்டார்களில் 'லேர்ன்' பொத்தானையே விளக்கு அணையும் வரை அழுத்தினால் பழைய ரிமோட்டுகள் அனைத்தும் செல்லாமல் போகும். பிறகு நம்முடையதை மட்டும் புதிதாகச் சேர்க்கலாம்.

நம் ஊருக்கு வருவோம். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் கேட்டுக்கு மலிவான மோட்டார் வாங்கிப் போடுகிறவர்கள் அதன் குறியீடு மாறுவதா, மாறாததா என்று கேட்பதில்லை. மாறாத ரகமாக இருந்தால், பிளாட்பாரத்தில் டூப்ளிகேட் சாவி போடுவதுபோல மலிவான நகல் ரிமோட்டில் பதிவு செய்துகொள்ளலாம். குடித்தனக்காரர் காலி செய்தால் பூட்டை மாற்றுகிற வீட்டுக்காரர்கூட ரிமோட்டை எண்ணி வாங்குவதோடு சரி. காரை விற்கும்போது ஃபாஸ்டாகை மட்டும் மறக்காமல் மூடுகிறோம். காசு போகுமே!

எங்கள் அடுக்ககச் சங்கத்தில் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறேன். அடுத்த மோட்டார் குறியீடு மாறும் ரகமாக இருக்க வேண்டும். யாராவது காலி செய்தாலோ காரை விற்றாலோ மோட்டாரின் நினைவை அழித்துவிட்டு, எல்லார் ரிமோட்டையும் மறுபடி பதிய வேண்டும். "அதற்காக எல்லாரும் ஒரே நாளில் கீழே இறங்கி வரணுமா சார்?" என்றார் செயலாளர். ஆமாம், வரணும். தண்ணி லாரி வந்தால் எல்லாரும் இறங்கி வருகிறோமே.