இமாமின் சம்பளத்திலிருந்து தொடங்குவோம்

தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் கட்டட வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஓட்டுக்கூரையாக இருந்த தொழுகைக்கூடங்கள் இரண்டு மாடிகளாகிவிட்டன. ஹவுளைச் சுற்றி டைல்ஸ் பதித்தாயிற்று. ஏசி வந்துவிட்டது, மினாரா உயர்ந்துவிட்டது. துபாயிலும் ஜித்தாவிலும் கோலாலம்பூரிலும் உழைத்தவர்கள் ஊர்ப் பள்ளிக்கென்று மனமுவந்து அனுப்பிய பணம் இது. அந்த உழைப்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும். இனி வரும் பணம் எங்கே போக வேண்டும் என்பதுதான் இப்போது நாம் பேச வேண்டியது. அது மனிதர்களிடம் போக வேண்டும் என்கிறேன். முதலில் இமாமிடம்.

தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றில், அஸர் தொழுகைக்குப் பிறகு பேஷ் இமாமின் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறை. ஒரு கட்டில், கிதாபுகள் அடுக்கிய இரும்பு அலமாரி, ஜன்னலோரம் கழுவிக் கவிழ்த்த டிபன் கேரியர். தெருவில் வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சாப்பாடு வருகிறது. "குடும்பத்தை இங்கேயே கூட்டிட்டு வந்துடலாமே ஹஜ்ரத்?" என்று கேட்டேன். "வாடகைக்கு வீடு பிடிச்சா மிச்சம் என்ன பாய் இருக்கும்?" என்றார். மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருகிறார். மேலே தொழுகைக்கூடத்தில் புதிதாக ஒரு சரவிளக்கு தொங்குகிறது. அதற்கு ஆன செலவில் அவருக்கு ஓராண்டு வீட்டு வாடகை கொடுத்திருக்கலாம்.

ஏழாண்டு ஓதி ஆலிம் பட்டம் வாங்கியவர் அவர். வக்பு வாரியத்தின் கீழ் வரும் பள்ளிவாசல் இமாம்களுக்கு உரிய ஊதியம் தரப்பட வேண்டும் என்று 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் உலமாக்களுக்கு ஓய்வூதியம் உண்டு, நல வாரியமும் உண்டு. ஆனாலும் வேலையில் இருக்கும் இமாமின் மாதச் சம்பளம் பல ஊர்களில் இன்றும் சந்தா வசூலையும் நிர்வாகத்தின் மனத்தையும் பொறுத்தே இருக்கிறது. பணி ஆணை கிடையாது. முத்தவல்லிக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஜும்ஆவுக்கு வேறு இமாம்.

இதில் இமாமின் கஷ்டத்தோடு சேர்ந்து மஹல்லாவின் நஷ்டமும் இருக்கிறது. ஒரு நாளில் ஐந்து வேளை அந்த வாசலில் நிற்பவர் அவர். சுப்ஹுக்கு வழக்கமாக வரும் பெரியவர் மூன்று நாளாக வரவில்லை என்பது முதலில் அவருக்குத்தான் தெரியும். எந்த வீட்டில் கந்துவட்டிக்காரன் வந்து நிற்கிறான், எந்தப் பையன் போதையில் விழுந்திருக்கிறான் என்பதெல்லாம் அவர் காதுக்கு வந்துசேரும். வாரத்துக்கு ஒருமுறை ஊரின் ஆண்கள் அத்தனை பேரும் செல்போனை அணைத்துவிட்டு அவர் பேச்சைக் கேட்க உட்காருகிறார்கள். இப்படியொரு வாய்ப்பு வேறு யாருக்கு உண்டு? ஆனால் வேலை போய்விடுமோ என்று பயந்திருக்கும் மனிதரால், கைக்கூலி வாங்கும் வீட்டு நிக்காஹை ஓதிவைக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. நிர்வாகத்தில் இருப்பவரின் வட்டித்தொழிலைப் பற்றி மிம்பரில் நின்று பேச முடியாது. எனவே பொதுவாக நாலு நல்ல வார்த்தை சொல்லி இறங்கிவிடுகிறார். குடும்பத்தோடு வாழும் அளவுக்குச் சம்பளம், ஒரு வீடு, எழுத்தில் பணி ஆணை, விடுப்பு ஆகிய நான்கையும் கொடுத்துவிட்டு, அதன் பிறகு இமாமிடம் எதிர்பார்ப்போம். மோதினாருக்கும் இதே கணக்குதான்.

இமாமுக்கு அடுத்தபடி பெண்களுக்குச் செலவிட வேண்டும். நபி (ஸல்) அவர்களின் பள்ளியில் பெண்கள் தொழுதார்கள். தொழுகையை நீட்டி ஓத நினைத்தவர், பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டதும் தாயின் மனம் தவிக்குமே என்று சுருக்கி முடித்தார். அந்தப் பள்ளியைக் கூட்டிப் பெருக்கிய பெண்ணைச் சில நாள் காணாமல் விசாரித்தார். இறந்துவிட்டார் என்று தெரிந்ததும், தனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, அடக்கத்தலத்துக்கே போய்த் தொழுதார். பெண்கள் பள்ளிக்குள் வந்து தொழ மார்க்கத்தில் தடையில்லை என்று அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமும் 2020-இல் உச்ச நீதிமன்றத்தில் எழுத்துபூர்வமாகச் சொல்லியிருக்கிறது. காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் தலைமுறைகளாக இருந்துவருகின்றன. ஆகவே இது நேற்று முளைத்த கோரிக்கை இல்லை.

இருந்தும், ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்பும் ஒரு பெண் மஃரிப் நேரத்தில் பேருந்து நிலையத்தில் இறங்கினால் என்ன செய்வாள்? கூட வந்த கணவர் எதிரே இருக்கும் பள்ளிக்குள் போய் ஒளூச் செய்து, தொழுது, கழிப்பறைக்கும் போய்விட்டு வந்துவிடுவார். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே காத்திருப்பாள். தனி வாசல், தனி ஒளூத் தொட்டி, கதவு சாத்தும் ஒரு கழிப்பறை: தரையெல்லாம் பளிங்கு போட முடிந்த ஊருக்கு இது பெரிய செலவில்லை.

தொழுகை இடத்தைவிட அவசரமானது, ஜமாஅத் விசாரணையில் பெண்ணுக்கு ஓர் இருக்கை. தலாக், ஜீவனாம்சம், நகைத் தகராறு என்று எது வந்தாலும் விசாரணை பள்ளிவாசலில் நடக்கிறது. பல ஊர்களில் அவள் தரப்பை அவளுடைய அத்தாவோ அண்ணனோதான் சொல்ல வேண்டியிருக்கிறது. தன் வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பை வீட்டில் உட்கார்ந்து பிறர் சொல்லக் கேட்டுக்கொள்கிறாள். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கியதற்கு இதுதான் காரணம். அவர்களுடைய விசாரணைகளைத் தீபா தன்ராஜ் 2011-இல் ஆவணப்படமாகவும் எடுத்தார். அந்த முயற்சியை எதிர்த்தவர்கள் ஒன்றை யோசித்திருக்கலாம்: ஊர் ஜமாஅத் அவள் சொல்வதை நேரில் கேட்டிருந்தால், இன்னொரு ஜமாஅத்துக்கு அவள் ஏன் போகிறாள்? ஒவ்வொரு ஜமாஅத் நிர்வாகத்திலும் இரண்டு மூன்று படித்த பெண்கள் வந்துவிட்டால், பாதி வழக்குகள் கோர்ட்டு வரை போகாமலே முடியும் என்று நம்புகிறேன்.

மூன்றாவதாகப் பிள்ளைகள். கடைசி வரிசையில் சிரித்துவிட்ட பையனைத் தொழுகை முடிந்ததும் நாலு பெரியவர்கள் சேர்ந்து அதட்டுகிறார்கள். பதினைந்து வயதானதும் அவன் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வருபவனாகிறான். பிறகு, இளைஞர்களைப் பள்ளியில் காணோம் என்று நாமே கவலைப்படுகிறோம். காலையில் மக்தப் நடக்கும் அதே கூடம் சாயங்காலம் பூட்டிக் கிடக்கிறது. அங்கே மின்விசிறி இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, அமைதி இருக்கிறது. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டிலிருந்து பிளஸ் டூ எழுதப்போகும் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? மஹல்லாவிலேயே நாலு பட்டதாரிகள் இருப்பார்கள், முறை வைத்துச் சொல்லிக்கொடுக்கட்டும்.

கூடவே சான்றிதழ், விண்ணப்ப வேலைகளுக்கு உதவ ஒரு மேசை, ஒரு கணினி, வாரத்தில் இரண்டு மாலை உட்கார ஓர் ஆள். 2007-இல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அதைப் பெற, லெப்பை, தக்னி, தூதேகுலா, மாப்பிள்ளா, ஷேக், சையது, அன்சர் என்று பட்டியலில் உள்ள பெயரில் சரியான சான்றிதழ் வேண்டும். ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பை என்ற பிரிவுக்குள் வருகிறார்கள். இது தெரியாமல் கவுன்சலிங் நேரத்தில் தாலுகா ஆபீஸுக்கு அலையும் குடும்பங்கள் எத்தனை! போராடிப் பெற்ற சலுகை, ஒரு தாளில் எழுதிய தவறால் கைநழுவிப் போகக் கூடாது.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். சிங்கப்பூரைப் பார்ப்போம். அங்கேயும் முஸ்லிம்கள் சிறுபான்மை, மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 விழுக்காடு. 1975-இல் பள்ளிவாசல் கட்டட நிதி என்று ஒன்றைத் தொடங்கி, வேலை பார்க்கும் ஒவ்வொரு முஸ்லிமின் சம்பளத்திலிருந்தும் ஒரு சிறு தொகையை மத்திய சேமநிதி வழியாகப் பிடித்தார்கள். 1977-இல் அந்த நிதியின் முதல் பள்ளிவாசல் தோ பாயோவில் எழுந்தது. 1984 முதல் அதே பிடித்தத்தில் மெண்டாக்கி என்ற கல்வி அமைப்புக்கும் பங்கு போகிறது. கட்டடத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஒரே உண்டியல். அங்கே குடியேறிய கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்களும் இதில் பங்குதாரர்கள்தான். நம் ஊர்களில் தலைக்கட்டு வரி ஏற்கெனவே இருக்கிறது. அதோடு பைத்துல்மாலையும் ஜகாத்தையும் சேர்த்து ஒழுங்குபடுத்தி, வரவு செலவைப் பள்ளியின் பலகையில் ஒட்டிவைத்தால், கொடுக்கும் கைகள் கூடும். கணக்கு தெரியாத இடத்தில்தான் மனிதர்கள் கை இழுக்கிறார்கள்.

பணக் கணக்கைப் போலவே ஆள் கணக்கும் தாள் கணக்கும் வேண்டும். எந்த வீட்டில் விதவை தனியாக இருக்கிறார், யார் படிப்பை நிறுத்தினார், யாருக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்று மஹல்லா ஏடு சொல்ல வேண்டும். சொத்துப் பத்திரங்களும் அப்படித்தான். 2025-இல் வக்பு திருத்தச் சட்டம் வந்து, சொத்து விவரங்களை அரசின் உமீத் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்றானபோது, எத்தனை நிர்வாகங்கள் பழைய பீரோக்களைத் திறந்து தேடின என்பதை நாம் அறிவோம். அந்தச் சட்டத்தை எதிர்த்து வாதாட நமக்கு உரிமை உண்டு. வாதாடுவதற்கும் கையில் பத்திரம் வேண்டும்.

கடைசியாக அக்கம்பக்கத்தார். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை பரங்கிப்பேட்டையைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களை அடித்துச் சென்றபோது, முதலில் ஓடியவர்களில் ஊர் ஜமாஅத்தினரும் உண்டு. உடல்களைத் தூக்கினார்கள், பிழைத்தவர்களைத் தங்கவைத்தார்கள், நாள்கணக்கில் சோறு போட்டார்கள். இரக்கம் மட்டும் இருந்தால் இது நடக்காது. சொன்னால் கூடும் ஆட்கள், ஆயிரம் பேருக்குச் சமைக்கும் பண்டாரிகள், பெரிய அண்டாக்கள், கேள்வி கேட்காமல் பணம் எடுக்கும் நம்பிக்கை எல்லாம் ஏற்கெனவே இருந்தால்தான் நடக்கும். 2015 வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் எல்லா மதத்தினருக்கும் திறந்ததும் இப்படித்தான். எதிர்த்திசையிலும் அன்பு வருகிறது. சிந்துவிலிருந்து பிரிவினையின்போது வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிய சூஃபிதார் அறக்கட்டளையின் இந்து அன்பர்கள், திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் ஆண்டாண்டுகளாக இஃப்தார் உணவு பரிமாறுகிறார்கள்.

வெள்ளமும் சுனாமியும் வரும்வரை இந்த உறவு காத்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் 1997 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 3 அன்று பள்ளிவாசல்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கிறார்கள். நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவர்களை நபிகள் தம் பள்ளியிலேயே வரவேற்றார்கள் என்று சீறா நூல்கள் சொல்கின்றன. நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வந்து நிற்கும் ஊர்கள் நம்முடையவை. அவர்கள் வாசலோடு திரும்பிப் போகிறார்கள். ஒரு நாள் உள்ளே அழைத்துக் காட்டினால், வாட்ஸ்அப்பில் வரும் பொய்களுக்கு நாம் தனியாகப் பதில் எழுத வேண்டியதில்லை.

2011 கணக்கெடுப்பின்படி நாம் தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 5.86 விழுக்காடு. எண்ணிக்கையை நம்பி நாம் பலம் பெற முடியாது. உரிமையைக் கேட்கவும், அநீதியை எதிர்க்கவும், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கைகொடுக்கவும் நம்மிடம் இருக்கும் ஒரே அமைப்பு மஹல்லா. ஷஅபானில் கூடும் பொதுக்குழுக்களில் பெயின்ட், பந்தல், ஒலிபெருக்கி பற்றிப் பேசும் முன் நான்கு தீர்மானங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: இமாமுக்கும் மோதினாருக்கும் பணி ஆணை, பெண்களுக்கு இடமும் நிர்வாகத்தில் இருக்கையும், பிள்ளைகளுக்கு மாலைக் கூடம், எல்லார் கண்ணிலும் படும்படி கணக்கு. இந்த நான்கில் எதற்கும் வெளியிலிருந்து யாருடைய அனுமதியும் தேவையில்லை. நாம் முடிவெடுத்தால் போதும்.