தப்பு ஊசி: போலீசோடு நின்றால் நஷ்டஈடு வராது!

டெல்லி தனியார் ஆஸ்பத்திரியில் 1993-ல் டைபாய்டுக்குச் சேர்த்த சிறுவனுக்கு நர்சு மருந்தை மாற்றி ஊசி போட்டார். மூளை பாதித்து பையன் படுத்த படுக்கையானான்.

பெற்றோர் நுகர்வோர் கமிஷனில் வழக்குப் போட்டார்கள். பையனுக்கு 12½ லட்சம், பெற்றோரின் மனவேதனைக்குத் தனியாக 5 லட்சம்! 'இரண்டு பேருக்கும் எதற்கு?' என்ற வாதம் 1998-ல் சுப்ரீம் கோர்ட்டில் எடுபடவில்லை.

இங்கே பலர் ஸ்டேஷனில் புகார் கொடுத்து விட்டு சும்மா இருந்து விடுகிறார்கள். அது தண்டனைக்கான வழி. பணத்துக்குத் தனி மனு வேண்டும், 2 ஆண்டுக்குள். கட்டிய பில்லு 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

எல்லோருக்கும் இலவசமான சர்க்கார் ஆஸ்பத்திரி என்றால் இந்தக் கதவு திறக்காது. சிவில் கோர்ட்டு அல்லது ஐகோர்ட்டுதான்.

எங்கே போனாலும் கேஸ் ஷீட் கேட்பார்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுத்தாக வேண்டும்.