நிழல் எங்கே, தம்பி?



பதிவு நீளம்தான். பாதியிலேயே லைக் போட்டுவிட்டு ஓடாதீர்கள். முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கூந்தன்குளத்தில் எடுத்தது. ஐம்பது அறுபது வரித்தலை வாத்துகள் தண்ணீரை விட்டு ஒரே நேரத்தில் எழும்புகின்றன. பின்னால் செக்கச் சிவந்த வானம், நடுவில் தாம்பாளம் மாதிரி சூரியன். பத்து நிமிடத்துக்குள் வரிசையாக இதயங்கள். யாரோ அதை எங்கள் குடும்பக் குழுவுக்கும் தள்ளிவிட, "இது நம்ம ஊர்ப் பக்கமா!" என்று மதினி ஆச்சரியப்பட்டுக் குரல் செய்தி அனுப்பினாள். நான் மட்டும் மாணவர் குழுவில் ஒரு வரி எழுதினேன்: "நிழல் எங்கே, தம்பி?"

குழு கப்சிப். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர், "சார் ரிட்டயர் ஆகியும் மார்க் குறைக்கிறத விடல" என்று எழுதினார். சிரிப்புப் பொம்மைகள் வந்தன. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அன்று இரவு படம் எடுத்தவனே போன் செய்தான். என் மாணவன்தான், இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"சார், நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. அன்னைக்கு ஒரே மந்தாரம். காலையில இருந்து சூரியனே வரல. வாத்து எல்லாம் கழுத்தை மடக்கிட்டுச் சும்மா கெடந்துச்சு. எடுத்த படம் பூரா செத்த படமா இருந்துச்சு. கூட வந்த பையன் ரெண்டு கல்லை விட்டெறிஞ்சான், எல்லாம் கிளம்பிருச்சு. வானத்தை மட்டும் வீட்டுக்கு வந்து மாத்துனேன்."

அந்த "மட்டும்" என்ற சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது. அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவனைத் திட்ட இதை எழுதவில்லை. அந்தப் படத்துக்கு இதயம் போட்ட நம் எல்லோரையும் திட்டத்தான்.

முதலில் நிழல் கணக்கு. வாத்துகளுக்குப் பின்னால் அத்தனை பெரிய சூரியன் இருந்தால், நம் பக்கம் இருக்கும் உடம்பு கறுத்துத் தெரிய வேண்டும். படத்தில் ஒவ்வொரு இறகும் தெளிவாகத் தெரிகிறது. வானம் ஆரஞ்சு, குளத்துத் தண்ணீரோ சாம்பல். வானத்தின் நிறத்தைக் காட்டாத தண்ணீரை நான் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்பு ஒளியியல் பாடம் போதும் இதைக் கண்டுபிடிக்க. நாற்பது பேர் பார்த்தோம், ஒருவருக்கும் உறுத்தவில்லை.

பொய் வானத்தைக்கூட மன்னிக்கலாம். அந்தக் கல்லை எப்படி மன்னிப்பது? யோசித்துப் பார்த்தால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். மந்தாரமான நாள் குறைப்பட்ட நாள், அதை எப்படியாவது சரிக்கட்ட வேண்டும் என்ற எண்ணம். வெளிச்சம் போதவில்லை என்றால் அது படம் எடுப்பவன் பாடு. அந்தக் கடனைக் கொண்டுபோய்ப் பறவையின் தலையில் கட்டுவது அநியாயம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

நம் குளிர்காலத்தில் வெளிச்சம் குறைவது ஏன் என்று பாருங்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேலே 11 பாகைகூட ஏறாது. பகலே ஏழு மணி நேரம்தான். நமக்கு அப்படி இல்லை. நாங்குநேரிப் பக்கம் அதே நாளில் சூரியன் 58 பாகை உயரத்தில் நிற்கும். நம் வெளிச்சத்தைத் தின்பது வடகிழக்குப் பருவமழை மேகமும், மார்கழி தை மாதத்து விடியற்காலை மூடுபனியும்தான். நேர் வெயில் 1,00,000 லக்ஸ் என்றால், மந்தாரத்தில் அது 10,000க்கு இறங்கும். மேகம் கனத்தால் 1,000. நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த நூறு மடங்கு வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. கேமராவுக்கு உறைக்கும்.

ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படம் பொரிபொரியாக வருகிறது என்று புலம்புவீர்கள். முற்றத்தில் மழை விழுவதை நினைத்துப் பாருங்கள். அடைமழையில் எல்லாத் தரையோடும் ஒரே மாதிரி நனையும். தூறலில் ஒரு ஓட்டில் பத்துச் சொட்டு, பக்கத்து ஓட்டில் மூன்று சொட்டு. ஒளியும் துகள் துகளாகத்தான் வருகிறது. ஓர் இடத்தில் 10,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 100, அதாவது நூற்றில் ஒன்று. 100 துகள்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்தில் ஒன்று. அந்தப் பொரிதான் தூறலின் அடையாளம். உங்கள் கேமராவில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. அன்றைக்கு வந்த வெளிச்சம் அவ்வளவுதான்.

இதை ஏற்க மனமில்லாதபோது மனிதன் நான்கு குறுக்கு வழி தேடுகிறான். கிட்டே போகிறான், ஏனென்றால் பனிமூட்டத்தை எவ்வளவு நீள லென்சாலும் துளைக்க முடியாது. பிளாஷ் அடிக்கிறான், அதுவும் கிட்டே போகத்தான் வைக்கும். 5 மீட்டரில் கிடைக்கும் பிளாஷ் வெளிச்சம் 50 மீட்டரில் நூறில் ஒரு பங்காகிவிடும். சும்மா இருக்கும் பறவை மந்தாரத்தில் எடுப்பாகத் தெரியாது என்று கல் எறிந்து கிளப்புகிறான். எதுவும் தேறவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்து வானத்தை மாற்றுகிறான்.

அந்த வாத்து யார் தெரியுமா? திபெத், மங்கோலியப் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி நம்மிடம் வருவது. 7,000 மீட்டருக்கு மேலே அது பறந்ததைக் கருவி கட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். வெயில் காலம் வருவதற்குள் அதே மலையை அது திரும்பத் தாண்ட வேண்டும். அதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கிறது. இராத்திரி வயலில் மேயும், பகலில் குளத்தில் ஓய்வெடுக்கும். "சும்மா கெடந்துச்சு" என்றானே, அது சும்மா கிடப்பு இல்லை. மலை தாண்டுவதற்கான சேமிப்பு. ஒரு கல்லில் அதைச் செலவழிக்க வைத்தோம். அன்று குளத்துக்கு இன்னும் எத்தனை கேமராக்காரர்கள் வந்தார்களோ, எத்தனை கல் விழுந்ததோ.

கூந்தன்குளத்து மக்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்து விட்டவர்கள் அந்த ஊரில் உண்டு. தம் பிள்ளைகளின் மத்தாப்பு ஆசையை அடக்கிய ஊரில் போய், பெரிய லென்ஸ் வைத்திருக்கும் படித்தவன் கல் எறிகிறான்.

சட்டம் கேட்பவர்களுக்கு ஒன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் "வேட்டை" என்பதற்குச் சொல்லும் விளக்கத்தை எடுத்துப் படியுங்கள். கொல்வதோடு நிற்கவில்லை அது. காட்டுயிரை விரட்டுவதும், இரை வைத்து இழுப்பதும், பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் அதில் வருகின்றன. துப்பாக்கி கையில் இல்லை என்பதால் நாம் வேட்டைக்காரர் இல்லை என்று ஆகிவிடாது.

இந்த ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று. 2017ஆம் ஆண்டு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் பரிசு வாங்கிய ஒரு படம். பிரேசிலில் இரவில் எடுத்தது. கரையான் புற்றில் பச்சை விளக்குகள் மாதிரி ஒளிரும் பூச்சிப் புழுக்கள், புற்றை நோக்கி வரும் எறும்புண்ணி. 2018இல் நடுவர்கள் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அது பாடம் செய்து பஞ்சடைத்த எறும்புண்ணி என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். எடுத்தவர் மறுத்தார். உண்மை எதுவாக இருந்தாலும், எனக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. இருட்டில் எடுக்கும் படத்துக்கு விலங்கு அசையாமல் நிற்க வேண்டும். உயிருள்ளது நமக்காக நிற்காது. நாம் கேட்கும் படத்துக்கு உயிர் இடைஞ்சலாகத் தெரிய ஆரம்பித்தால், அந்த இடத்திலேயே கேமராவை மூடிவிட வேண்டும்.

"சார், எடிட்டிங் எல்லாரும்தான் பண்றாங்க" என்பீர்கள். சரி. பிலிம் காலத்திலும் இருட்டறையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் அச்சுப் போட்டார்கள். இருந்த வெளிச்சத்தைத் துலக்குவது வேறு, இல்லாத சூரியனைக் கொண்டுவந்து ஒட்டுவது வேறு. கற்பனைப் படம் செய்ய ஆசை என்றால் தாராளமாகச் செய்யுங்கள், "கற்பனை" என்று எழுதிவிடுங்கள். "கூந்தன்குளம், இன்று காலை" என்று எழுதாதீர்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிறவர், சாம்பல் வானத்தைக் கண்டு ஏமாந்து, அவரும் ஒரு கல்லைத் தேடுவார்.

நம் திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணனை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் காட்டுயிர் பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர். அவர் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். ஆரஞ்சு வானம் அவருக்குத் தேவைப்படவில்லை. யானை இருந்தது, காடு இருந்தது, பார்க்கத் தெரிந்த கண் இருந்தது.

ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்த நம் முன்னோர், ஐப்பசி கார்த்திகைக்குக் கூதிர் என்றும், மார்கழி தைக்கு முன்பனி என்றும், மாசி பங்குனிக்குப் பின்பனி என்றும் பெயர் வைத்தார்கள். குளிருக்கும் பனிக்கும் மட்டும் மூன்று பெயர். நாம் மூன்றுக்கும் சேர்த்து "பேட் லைட்" என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம்.

இப்போது நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த விஷயம்.

பள்ளியில் நம் இயற்பியல் ஆய்வகச் சுவரில் ஒரு படம் தொங்கியது ஞாபகம் இருக்கிறதா? தேன்சிட்டுக் கூடு, வாசலில் வாயைப் பிளந்த இரண்டு குஞ்சுகள். "சார் எடுத்தது" என்று நீங்கள் பெருமையாகச் சொல்வீர்கள். அது ஒரு மார்கழி மாத மந்தார நாள். கேமராவில் 100 ஏஎஸ்ஏ பிலிம். கூட்டுக்கு முன்னால் இலை அடர்த்தி, வெளிச்சம் போதவில்லை. கிளையை வளைத்து ஒதுக்கிக் கயிறு போட்டுக் கட்டினேன். ஒரு சுருள் முழுதும் எடுத்தேன். கயிற்றை அவிழ்க்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை போனபோது கூடு கிழிந்து தொங்கியது. குஞ்சுகள் இல்லை. காக்கையாக இருக்கலாம். மறைப்பை எடுத்தது நான்.

அந்தப் படத்தைத்தான் பல வருடம் உங்கள் தலைக்கு மேலே மாட்டி வைத்திருந்தேன். ஒருவரிடமும் சொன்னதில்லை. வீட்டில்கூட இன்றுதான் தெரியும். அதனால் அந்தத் தம்பியைக் கண்டிக்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றால், இல்லை. ஆனால் அந்தக் கயிற்றைக் கட்டிய கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் சொல்கிறேன்.

மந்தாரத்தில் என்ன எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு, வாத்தியார் புத்தி விடாது, சொல்கிறேன். கொக்கையும் கூழைக்கடாவையும் எடுங்கள். வெயிலில் வெளுத்துப்போகும் வெள்ளை இறகு, மேகத்தின் கீழே ஒவ்வொன்றாகத் தெரியும். பனியைக் கேமரா தானாகவே அழுக்குச் சாம்பலாக்கும், எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள். ஒரு துணிப்பையில் அரிசியை நிரப்பிக் கார் ஜன்னலில் வைத்து அதன் மேல் லென்ஸைச் சாத்துங்கள். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நொடியில் 60இல் ஒரு பங்கு வேகம்கூடப் போதும். பறப்பதை எடுக்க வேண்டுமா? சாயங்காலம் வாத்துகள் தாமாகவே வயலுக்குக் கிளம்பும், அதுவரை காத்திருங்கள். அந்நேரம் வெளிச்சம் இன்னும் குறையும். இறகு கலங்கித்தான் வரும். வரட்டும். பறவை சிறியதாக இருந்தால் சிறியதாகவே இருக்கட்டும், சுற்றிலும் குளமும் பனையும் பனியும் இருக்கட்டும். ஒன்றுமே தேறாவிட்டால் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

படம் எடுக்காதவர்களுக்கும் வேலை இருக்கிறது. இனி இப்படி ஒரு படம் வந்தால் இதயம் போடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எப்படி எடுத்தாய்?" நாம் கேட்க ஆரம்பித்தால் கல் எறிவது குறையும். மதினி, உனக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக ஒன்று. கல் எறிவதற்கு முன்னால் எடுத்த "செத்த படம்" ஏதாவது இருந்தால் அனுப்பச் சொன்னேன். தயங்கித் தயங்கி ஒன்று அனுப்பினான். கீழே போட்டிருக்கிறேன். சாம்பல் தண்ணீர், அதே சாம்பலில் வானம், நடுவில் கோடு போட்டதுபோல் கரை. வாத்துகள் கழுத்தை முதுகில் செருகித் தூங்குகின்றன. ஓரத்தில் ஒரே ஒரு வாத்து மட்டும் தலையைத் தூக்கி, கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. காவல் வாத்து.

அதற்குத் தெரிந்திருக்கிறது, தம்பி.