சைலன்சரில் கூமுட்டை நாற்றமா?

"சந்தைக்குக் காய்கறி கொண்டுபோக, பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கினேன். சில வாரங்களாகக் கூமுட்டை நாற்றம் வீசுகிறது. சைலன்சரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா?"

- வாசகர், ஒட்டன்சத்திரம்.

"அவசரப்பட வேண்டாம். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்.

பானெட் பக்கம் அதிகமாக வீசினால், பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிறது. ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். அப்போது வெளியேறும் வாயு வெடிக்கக்கூடியது. பீடி, தீக்குச்சி பக்கத்தில் கூடாது.

சைலன்சரில் மட்டும் வீசினால், பெரும்பாலும் இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. அப்போது பெட்ரோலில் உள்ள கந்தகம், கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாறும். அதுதான் கூமுட்டை நாற்றம். ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சார் மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். பிளக் நுனியில் கரி படிந்திருந்தால், பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். இதைச் சரிசெய்யாமல் கன்வெர்ட்டரை மாற்றினால், புதியதும் கெட்டுப்போகும்.

ஒரு எச்சரிக்கை. புகை நாற்றம் காருக்குள்ளும் வந்தால், குழாயில் கசிவு இருக்கலாம். கூடவே கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. ஆனால், உயிரைப் பறித்துவிடும். கசிவை அடைக்கும்வரை அந்தக் காரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள். மூடிய கொட்டகைக்குள் எந்த வண்டியின் இன்ஜினையும் ஓடவிடாதீர்கள்."