பதிலுக்குக் காத்திருங்கள்

 

வவுனியா சாளம்பைக்குளத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மூளை முடக்குவாதத்தால் கையும் காலும் நாக்கும் வசப்படாத மகன் ஒருவர் கதிரையில் சாய்ந்திருந்தார். "மகன், தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டேன். "அவருக்கு ஒண்டும் வெளங்காது மௌலவி" என்றார் உம்மா. நானும் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். சற்றுப் பிந்தி அந்தப் பிள்ளையின் தலை மெல்ல என் பக்கம் திரும்பியது. அதுதான் அவருடைய பதில் என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

உடல் முடங்கினாலும் தலை, முழங்கால், விரல், கன்னம் என்று ஏதோ ஓர் அசைவு பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். அந்த ஓர் அசைவால் இயக்கக்கூடிய பெரிய பொத்தான்தான் 'சுவிட்ச்'. கணினித் திரையில் எழுத்துகளும் படங்களும் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து நகரும். வேண்டியது வரும்போது அமுக்கினால் போதும். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் முதலில் கைவிரலாலும், பின்னர் 2018 இல் இறக்கும்வரை கன்னத்தின் அசைவாலும் இப்படித்தான் பேசினார். சென்னையில் 1985 இல் தொடங்கிய வித்யாசாகர் நிறுவனத்துப் பிள்ளைகளோடு பழகித்தான் ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன் 'ஆவாஸ்' என்ற பேசும் கருவியை உருவாக்கினார்.

ஆனால் கருவியை முன்னால் வைத்தவுடன் பிள்ளை பேசிவிடாது. படிப்படியாகப் பழக்க வேண்டும்.

முதலில் சரியாக உட்காரவையுங்கள். இடுப்புக்கும் பாதத்துக்கும் தாங்கல் இல்லாவிட்டால், விழாமல் இருப்பதிலேயே பிள்ளையின் பலம் தீர்ந்துவிடும். களைப்பில்லாமல் திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய அசைவு எது என்று பாருங்கள். பற்றரியில் ஓடும் விளையாட்டுப் பொருளுக்கு ஒரு பெரிய பொத்தானைப் பொருத்தித் தரும்படி ரேடியோ திருத்துபவரிடம் கேட்கலாம். வீட்டு மின்சாரத்தோடு மட்டும் ஒருபோதும் இணைக்க வேண்டாம். "நான் அமுக்கினேன், அது ஓடியது" என்பதே முதற்பாடம். உரிய நேரம் வரும்வரை பொறுத்திருந்து அமுக்குவது அடுத்த பாடம். இரண்டில் ஒன்றைத் தெரிவது அதற்கும் அடுத்தது. மாதங்கள் ஆகலாம். அவசரப்பட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்து நீங்களே அமுக்காதீர்கள். எல்லாவற்றையும் பிறர் செய்வார்கள் என்பதைத்தான் பிள்ளை அதில் படிக்கும்.

கருவி இல்லாத வீட்டிலும் இன்றே தொடங்கலாம். "பாணா?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். பிறகு "இடியப்பமா?" என்று கேட்டு மறுபடியும் எண்ணுங்கள். தலையோ கண்ணோ எதற்கு அசைந்ததோ, அதையே கொடுங்கள். தவறித் தெரிந்துவிட்டார் என்று தோன்றினாலும் மாற்றாதீர்கள். தன் பதிலுக்கு மதிப்புண்டு என்று பிள்ளை அறிவது அப்படித்தான்.

வாய் பேசாதவரின் விளங்கக்கூடிய சைகை வாய்ச்சொல்லுக்குச் சமம் என்கிறது ஃபிக்ஹுச் சட்டம். அந்தச் சைகையால் வியாபாரம் செல்லும், நிக்காஹும் செல்லும். நம் வீட்டுச் சாப்பாட்டுச் சஹனில் மட்டும் அது செல்லாதா?

சகோதரிகளே! 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நம் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. கேட்கப்படாத வேதனை நமக்குத் தெரியும். அதை நம் பிள்ளைக்கு நாமே கொடுக்கலாமா?

சாளம்பைக்குளத்துக்கு மீண்டும் போவேன், இன்ஷா அல்லாஹ். அதே கேள்வியைக் கேட்பேன். இம்முறை வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன்.