மாமனார் தட்டிய மலை

ஒரு மலையை உண்டாக்க இயற்கைக்குக் கோடிக்கணக்கான வருஷங்கள் ஆகின்றன. எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். மூன்றாவது ஞாயிறு பெயிண்ட் காய.

விஷயம் தெரியாதவர்களுக்கு: ஆறடிக்கு நாலடி மேஜை. அதன்மேல் பொம்மைச் சிப்பாய்கள். உயரம் 28 மில்லிமீட்டர், அதாவது உங்கள் கட்டைவிரலில் பாதி. டேப் பிடித்து இஞ்ச் இஞ்சாக நகர்த்தி, பகடை உருட்டி, எதிராளியின் ஆட்களைச் சாகடிக்க வேண்டும். மாசா மாசம் இ.எம்.ஐ. கட்டுகிற வளர்ந்த ஆண்கள் மேஜையோரம் மண்டி போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "உங்க அரக்கன் கால் சுவத்துக்கு வெளியே தெரியுது சார், சுடலாம்" என்று சண்டை போடுகிற காட்சியை நீங்கள் பார்க்க வேண்டும். என் மனைவி பார்ப்பதில்லை. கதவைச் சாத்திவிடுவாள்.

மேஜை மொட்டையாக இருந்தால் இதில் ஆட்டமே இல்லை. யாரிடம் தூரமாகச் சுடும் பீரங்கி இருக்கிறதோ அவர் ஜெயித்துவிட்டு காபி சாப்பிடப் போய்விடுவார். நடுவே ஒரு மலை, இரண்டு குட்டிச்சுவர், நாலு மரம் இருந்தால்தான் ஒளியலாம், சுற்றி வரலாம், ஏமாற்றலாம். இதற்கெல்லாம் சேர்த்து ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'டெரெய்ன்'. தமிழில் நிலப்பரப்பு என்று சொல்லலாம். பூகோளப் பரீட்சை ஞாபகம் வருவதால் நான் சொல்வதில்லை.

இதை ஏதோ நேற்று வந்த பைத்தியம் என்று நினைக்காதீர்கள். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்று ஓர் அரசாங்க உத்தியோகஸ்தர். (நம்ம ஆள்!) மணலைக் குவித்து மலையும் பள்ளத்தாக்கும் செய்து, அதில் யுத்தம் நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் இளவரசர்கள் மூலம் ராஜாவின் காதுக்குப் போய், 'எங்கே, எனக்கும் காட்டு' என்று உத்தரவாகிவிட்டது. ராஜா எதிரில் போய் மண்ணைக் கொட்டவா முடியும்? மனுஷர் அவகாசம் எடுத்துக்கொண்டு 1812ல் வந்தார். பெரிய மேஜை ஒன்று. மேலே அடுக்க, பிளாஸ்டரில் வார்த்து வர்ணம் தீட்டிய சின்னச் சின்னச் சதுரங்கள். ஒன்றில் ஆறு, ஒன்றில் ரோடு, ஒன்றில் கிராமம். மாற்றி மாற்றி அடுக்கினால் தினமும் புது தேசம். அவர் எப்போது ஆபீஸ் போனார், சி.எல். எத்தனை எடுத்தார் என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். மணலில் ஆரம்பித்தவர் கெட்டியான சாமானுக்கு வந்து சேர்ந்தாரே, அதைத்தான் கவனிக்க வேண்டும். நாளைக்கும் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டால் அப்புறம் மணல் போதாது.

அவர் பிள்ளை 1824ல் மலையை எல்லாம் தூக்கிக் கடாசிவிட்டு காகித வரைபடத்தில் ஆட்டத்தைக் கொண்டுவந்து ராணுவத்தில் நல்ல பெயர் வாங்கினார். அப்பா சேர்த்த சாமானைப் பிள்ளை பரணில் போடுவது எல்லா தேசத்திலும் உண்டு போலிருக்கிறது. நல்லவேளையாக, 'டைம் மெஷின்' எழுதிய ஹெச்.ஜி. வெல்ஸ் 1913ல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகமே போட்டு ஆட்டத்தை மறுபடி தரைக்கு, நிஜமாகவே வீட்டுத் தரைக்கு, இறக்கினார். பிள்ளைகளின் மரக்கட்டைகளும் தோட்டத்துக் குச்சிகளும்தான் அவருக்கு மலை, காடு. ஆட வயது வரம்பு? பன்னிரண்டிலிருந்து நூற்றைம்பது வரை என்று புத்தகத்தின் முகப்பிலேயே போட்டார். 1983ல் இங்கிலாந்தில் 'வார்ஹாமர்' வந்தபிறகு அரக்கர்களும் எலும்புக்கூடுகளும் சேர்ந்துகொண்டார்கள். இன்று ரெடிமேட் மலையே கடையில் கிடைக்கிறது. ஆனால் மலையை விலை கொடுத்து வாங்குவதற்கு நான் படித்த பி.காம். இடம் தரவில்லை.

காமர்ஸ் படித்தவனுக்குத் தேய்மானம் என்றால் தெரியும். நாற்காலிக்கு இவ்வளவு பர்சென்ட், மெஷினுக்கு இவ்வளவு. எங்கள் செட்டில் எல்லோரும் முதலில் செய்வது ஃபிரிட்ஜ் வந்த பெட்டியில் இருக்கும் தெர்மோகோல் மலை. அதற்குத் தேய்மானம் முதல் வருஷமே நூறு பர்சென்ட். விளிம்பிலிருந்து வெள்ளை முத்து உதிர ஆரம்பித்தால் நிற்காது. பெருக்கினால் துடைப்பத்தோடு ஒட்டிக்கொண்டு வரும்.

ஆடிட் ஆபீஸ் நண்பர் ஒருவர் ஒரு படி மேலே போனார். பிரமாதமாகத் தெர்மோகோலில் மலை செதுக்கி, சீக்கிரம் முடியுமே என்று ஸ்ப்ரே பெயிண்டை நேராக அடித்தார். அந்த டப்பாவில் இருக்கும் கரைப்பான், தெர்மோகோலைச் சுடுசாதத்து நெய் மாதிரி உருக்கிவிடும். போனில் ரொம்ப நிதானமாகச் சொன்னார்: "மலைதான் செஞ்சேன். இப்ப எரிமலையா இருக்கு." ஃபெவிக்விக்கும் அதே கதைதான், ஓட்டை போடும். தண்ணீரில் கரைகிற ஃபெவிகாலும் அக்ரிலிக் பெயிண்டும்தான் தெர்மோகோலுக்குச் சொந்தக்காரர்கள். அவற்றால் முதலில் ஒரு கோட்டிங் முழுக்க மூடியபின் ஸ்ப்ரே அடிக்கலாம். அப்போதும் ஓர் ஓட்டை விட்டுப்போனால் அதன் வழியாகப் புகுந்துவிடும்.

எங்கள் மேஜைக்கு இதெல்லாம் போதும் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது, மாமனார் வந்து சேரும்வரை.

மாமனார் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். அவருக்குக் கை நடுங்கும். பார்க்கின்சன் இல்லை, எசென்ஷியல் ட்ரெமர் என்றார் டாக்டர். மடியில் வைத்திருக்கும்போது கை சும்மா இருக்கும்; ஒன்றை எடுக்கப் போனால் ஆரம்பிக்கும். காபி டம்ளர், சட்டைப் பொத்தான், பேங்க் கையெழுத்து. கேரம்போர்டில் ஏரியா சாம்பியனாக இருந்தவர், ஒருநாள் ஸ்ட்ரைக்கரைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சீட்டாட்டமும் போச்சு. கையில் விசிறி பிடிக்க முடியாது, எதிராளிக்கு எல்லா சீட்டும் தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைந்ததால் அவரைக் கூப்பிட்டோம். பச்சை நிறம் என்பதால் அரக்கர் படையைத் தேர்ந்தெடுத்தார். ("கொடி பச்சைன்னா நல்ல சகுனம் மாப்ளே.") யோசிக்கிற ஆட்டம். நாற்பது வருஷம் எந்த வண்டியை லூப்பில் நிறுத்தி எதை விடுவது என்று முடிவெடுத்தவருக்கு இது எம்மாத்திரம்? இரண்டு ஆட்டம் வரிசையாக ஜெயித்தார். மூன்றாவதில், மலை உச்சிக்கு ஒரு அரக்கனைக் கொண்டு போகும்போது கை உதறி மூன்று மரம் ஒடிந்தது, மலையோரம் பெயர்ந்து உள்ளேயிருந்து வெள்ளை தெரிந்தது, ஏழு சிப்பாய்கள் உருண்டார்கள்.

"சாரி மாப்ளே" என்றார்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். கூப்பிட்டால், "நீங்க ஆடுங்க, நான் பாக்கறேன்." பேப்பர் எவ்வளவு நேரம் படிக்க முடியும்? ஷேர் மார்க்கெட் பக்கத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு எங்கள் பகடைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த மலைக்கு ஸ்பெசிஃபிகேஷன் அப்போதே முடிவாகிவிட்டது. இவர் கை பட்டால் ஒன்றும் ஆகக் கூடாது.

முதலில் அடி. 5 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை. மேல்பக்கம் மட்டும் ஃபெவிகால், பெயிண்ட் என்று பூசினால், பலகை ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்து அப்பளம் மாதிரி வளையும். எனவே அடிப்பக்கத்துக்கும் அதே மரியாதை. வெட்டுவாயில் இன்னும் அதிகம் குடிக்கும் என்பதால் அங்கே இரண்டு தடவை. விளிம்பை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்துவிட வேண்டும். நேராக நிற்கும் விளிம்புதான் சட்டைக் கைக்கு முதலில் மாட்டும்.

மலைக்குத் தெர்மோகோல் வேண்டாம்; எக்ஸ்.பி.எஸ். என்று ஒரு போர்டு இருக்கிறது. மொட்டைமாடி வெயில் கீழே இறங்காமல் இருக்கப் போடுவார்களே, அது. முத்து முத்தாக இல்லாமல் ஒரே திடமாக இருக்கும், கத்திக்கு மைசூர்பாகு மாதிரி வெட்டுப்படும். (கம்பியைச் சூடாக்கி அறுப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது.) ஒரு இஞ்ச் போர்டு மூன்று அடுக்கு. இரண்டு போர்டுக்கு நடுவே காற்று போகாததால் ஃபெவிகால் லேசில் காயாது. அதுவரை அடுக்குகள் வழுக்காமலிருக்க விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவி, மேலிருந்து கீழ்வரை ஆணி மாதிரி இறக்கினேன். காய்ந்த பிறகும் அது உள்ளேயே இருந்து பிடித்துக்கொள்ளும். வீட்டில் விளக்குமாறு இளைத்துக்கொண்டு வருவதை மனைவி கவனித்துவிட்டாள் என்பது வேறு விஷயம்.

சரிவு இன்னொரு தலைவலி. நிஜ மலை மாதிரி சரிவாகச் செய்தால் போட்டோவுக்கு அழகு. ஆனால் ஒரு பொம்மையும் நிற்காது. படிப்படியாக வெட்டினால் நிற்கும், மலை மாதிரி இருக்காது. நவராத்திரிக்குப் படி கட்டுகிற வீட்டில் பெண் எடுத்தவனுக்கு இதில் என்ன குழப்பம்? இரண்டு இஞ்ச் அகலத்தில் படிகள், ஓரங்களை மட்டும் பாறை மாதிரி செதுக்கிவிட்டேன்.

அடுத்ததுதான் முக்கியம். பழைய பிஸ்கட் டின்னை வெட்டி, ஓரத்தை அரம் போட்டு, படிகளின் மேல் பதித்தேன். சிப்பாய்களின் பாதத்தில் பொட்டு சைஸ் காந்தம். தகட்டின் மேல் மெல்லிய பூச்சு வந்தாலும் காந்தம் விடாது. வைத்தவன் வைத்த இடத்தில் நிற்பான். (வீட்டில் குழந்தை இருந்தால் இந்தக் காந்தம் வேண்டவே வேண்டாம். இரண்டு விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஆபத்து.)

மேல்பூச்சு: ஃபெவிகால், சலித்த எம்-சாண்ட், கொஞ்சம் அக்ரிலிக் பட்டி, அதோடு மண் கலர் பெயிண்டையும் கலவையிலேயே கொட்டிக் குழைத்துவிட வேண்டும். கலரை மேலே மட்டும் அடித்தால், அடிபட்ட இடத்தில் உள்ளே இருக்கும் வெள்ளை பல்லைக் காட்டும். உள்ளும் புறமும் ஒரே கலராக இருந்தால், பெயர்ந்தாலும் அது இன்னொரு பாறைதான். காய்ந்ததும் தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு கை. பெயிண்டுக்குப் பிறகு மேட் வார்னிஷ் இரண்டு கை. வார்னிஷ் இல்லாவிட்டால் ஐப்பசி மாதத்தில் ஃபெவிகால் பிசுபிசுக்கும்.

மரத்தை மலையில் நடக் கூடாது. கம்பியை முறுக்கி, பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்க்ரப்பரைப் பிய்த்து இலையாக ஒட்டி, தனித்தனிப் பாதத்தில் காந்தத்தோடு நிறுத்திவிட்டேன். கை பட்டால் வளையும், இல்லை நகரும். ஒடியாது. டீத்தூளைக் காயவைத்துத் தரையாகத் தூவும் வெள்ளைக்காரன் யோசனை நம் ஊர் லாஃப்டுக்குச் சரிப்படாது. பூசணம் பூத்து நிஜக் காடாகிவிடும்.

லாஃப்ட் என்றதும் மாமியார் ஆஜர். நான் மலையைப் பிளாஸ்டிக் கவரில் போடப் போனதைப் பார்த்து, "வேர்த்துக் கொட்டிடும், எடுங்க" என்றார். நியூஸ்பேப்பரும் கூடாதாம், வெயிலில் மை ஒட்டிக்கொள்ளும். நைந்த வேட்டி இரண்டைக் கொடுத்தார். அவர்கள் வீட்டுக் காகிதக்கூழ் தசாவதாரம் இப்படித்தான் எத்தனையோ டிரான்ஸ்ஃபர்களைத் தாண்டி வந்திருக்கிறது. பெருமாளுக்கு மூக்கில்கூட ஒரு கீறல் கிடையாது.

மலை ரெடியான அன்று மேஜை உயரத்திலிருந்து மொசைக் தரையில் நானே ஒரு தடவை போட்டேன். ஓரத்தில் துளி பெயர்ந்தது, தெரியவில்லை. அந்தச் சத்தத்துக்கு பால்கனியிலிருந்து மாமனார் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ளே, கோபமா?"

"டெஸ்டிங் மாமா. இதை உடைக்க முடியுதான்னு நீங்களும் ஒரு தடவை பாருங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், வந்து உட்கார்ந்தார். ஆட்டம் ஆரம்பித்தது. இரண்டாவது ரவுண்டில், உச்சியில் பீரங்கி வைக்கப் போன கை வழக்கம்போல உதறி, மலையில் புறங்கை டொக்கென்று இடித்தது. ஆடிட் ஆபீஸ் நண்பர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு மரம் தள்ளாடி நின்றது. அரக்கர்கள் அசையவில்லை. மாமனார் மலையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அப்புறம் விரலை மடக்கி, வேண்டுமென்றே இன்னொரு தட்டுத் தட்டினார், பலாப்பழம் பழுத்ததா என்று பார்ப்பதுபோல.

"உங்க டர்ன்" என்றார் என்னிடம்.

அன்றைக்கு என் படையில் மிஞ்சியது ஒரு குதிரை. அதைவிட, இந்த மலையில் ஏற்றம் சரியில்லையாம். எந்த எஞ்சினும் ஏறாதாம். அடுத்ததாக ஒரு ரயில்வே பாலம் வேண்டும் என்று சொல்லி, பேப்பரின் ஓரத்தில் நடுங்கிய கோடுகளாலேயே வரைந்தும் கொடுத்துவிட்டார். தூணுக்குத் தூண் எத்தனை இஞ்ச் என்பதுவரை எழுதியிருக்கிறது.

விளக்குமாறு இன்னொன்று வாங்க வேண்டும்.